சருகு எப்போது மருந்து, எப்போது பாரம்?

செடிகளைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செயற்கை ஈரநிலங்கள் இப்போது குடியிருப்புகளிலும் கல்லூரி வளாகங்களிலும் ஊராட்சிகளிலும் ஆங்காங்கே அமைக்கப்படுகின்றன. கல்வாழையும் சம்பும் நாணலும் தளதளவென்று வளர்ந்து நிற்பதைப் பார்க்க வருகிறவர்கள், இந்தச் செடிகள் அழுக்கையெல்லாம் உறிஞ்சிக் குடித்துவிடும் என்று நம்புகிறார்கள். பராமரிப்பவர்களின் கண்ணில் படுவதோ அடியில் காய்ந்து விழுந்து கிடக்கும் தாளும் இலையும். அவற்றை அறுத்து வாரி வெளியே கொட்டினால்தான் இடம் சுத்தமாக இருக்கும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இன்னொரு பக்கம், சருகுக்கே நீரைச் சுத்தம் செய்யும் ஆற்றல் உண்டு என்ற செய்தியைப் படித்துவிட்டு, கிடைத்த இலைதழையையெல்லாம் கழிவுநீர்க் குட்டையில் கொட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. மூன்று தரப்பார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். தவறாகப் புரிந்துகொண்டால் நல்ல ஏற்பாடும் சில மாதங்களில் நாற்றமெடுத்த குட்டையாகிவிடும்.

நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யலாம் என்பதை முறையாகச் சோதிக்கத் தொடங்கியவர் ஜெர்மனியின் கேத்தே ஸைடல். 1950களில் பிளோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் கோரை இனச் செடிகளை வைத்து அவர் செய்த சோதனைகளிலிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது. அதன் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கின. செடி தன் வளர்ச்சிக்காக உறிஞ்சுகிற சத்து, பெரும்பாலான கழிவுநீர் ஈரநிலங்களில் மொத்தச் சுத்திகரிப்பில் சிறு பங்குதான். பெரும்பங்கு வேலையைச் செய்பவை வேரிலும் தண்டிலும் கூழாங்கல்லிலும் மக்கும் இலையிலும் படலமாகப் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்கள். செடி அவற்றுக்கு வீடு தருகிறது. செத்த பிறகு அதுவே அவற்றுக்கு உணவாகிறது.

இந்த உணவு ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நைட்ரஜன் போகும் பாதையைப் பார்க்க வேண்டும். சாக்கடை நீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாக இருக்கிறது. காற்றோட்டமுள்ள இடத்தில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதற்கு ஆக்சிஜன் வேண்டும், சருகு வேண்டாம். அடுத்த கட்டத்தில் வேறு வகை பாக்டீரியா அந்த நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜன் வாயுவாக மாற்றி வானத்துக்கு அனுப்பிவிடுகிறது. நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வாயுதான், அதனால் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் இந்த இரண்டாவது கட்டத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஆக்சிஜன் இருக்கக்கூடாது. பாக்டீரியா தின்பதற்குக் கரிமப் பொருள், அதாவது கார்பன் உள்ள உணவு இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதிச் சுத்தம் செய்த நீரில் கரிமப் பொருளெல்லாம் முன்பே எரிந்து தீர்ந்திருக்கும், நைட்ரேட் மட்டும் மிச்சமிருக்கும். உரம் போட்ட வயலிலிருந்து வடியும் நீரும் அப்படித்தான். நைட்ரேட்டை அழிக்கக்கூடிய பாக்டீரியா அங்கேயே இருக்கும், ஆனால் பட்டினி கிடக்கும். தொழிற்கூடங்களில் இந்தப் பட்டினியைத் தீர்க்க மெத்தனாலோ அசிட்டேட்டோ வாங்கி ஊற்றுகிறார்கள். அதற்குச் செலவாகும், அளவு தவறினால் வேறு தொல்லை வரும். ஈரநிலத்தில் அந்த உணவைச் சருகு தருகிறது.

கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா ஆற்றங்கரையில் இது பெரிய அளவில் நடக்கிறது. கோடையில் அந்த ஆற்றில் ஓடுவதில் பெரும்பகுதி மேலே உள்ள நகரங்கள் சுத்திகரித்து விட்ட கழிவுநீர். அதில் நைட்ரேட் உண்டு. கீழே ஆரஞ்சு கவுன்ட்டி மக்கள் குடிக்கும் நிலத்தடி நீர் அந்த ஆற்றிலிருந்தும் ஊறுகிறது. எனவே பிராடோ அணைக்குப் பின்னால் சுமார் 465 ஏக்கரில், 50 ஆழமற்ற குளங்களாக ஓர் ஈரநிலத்தை அந்த மாவட்ட நீர் நிர்வாகம் நடத்துகிறது. ஆற்று நீரைத் திருப்பி, சம்பும் கோரையும் அடர்ந்த குளங்கள் வழியாகச் செலுத்துகிறார்கள். சில நாள் தங்கி வெளியேறும்போது நைட்ரேட்டின் பெரும்பகுதி போய்விடுகிறது. பச்சைச் செடி குடித்தது அதில் கொஞ்சம். குளத்தடியில் மடிந்து கிடக்கும் தாளைத் தின்று பாக்டீரியா வாயுவாக்கியதே அதிகம். அங்கே போய்ச் சருகை வாரிக் கொட்டினால் சுத்திகரிப்பு பெரிதும் குறைந்துவிடும்.

எவ்வளவு சருகு தேவைப்படும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் நைட்ரேட் நைட்ரஜனை வாயுவாக்க, வேதியியல் கணக்குப்படி ஒரு கிராமுக்குச் சற்று மேல் கார்பன் போதும். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் சுத்திகரித்த நீர் வருகிறது, லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 கிலோ நைட்ரஜன், அதற்கு 2 கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கார்பன். காய்ந்த சருகின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கார்பன் என்பதால் தினமும் 5 கிலோ சருகு போதும்போலத் தோன்றும். நடைமுறையில் போதாது. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்க்கவே ஒரு பங்கு போகும். ஒரு பங்கு எளிதில் மக்காத லிக்னினுக்குள் பூட்டிக் கிடக்கும். இன்னொரு பங்கு மீத்தேனாக வீணாகும். மூன்றில் ஒரு பங்குதான் பயன்படுகிறது என்று கொண்டால் நாளைக்கு 15 கிலோ, ஆண்டுக்கு ஐந்தரை டன். சம்பு செழித்து வளரும் இடத்தில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 2 கிலோ உலர்தாள் கிடைக்கிறது என்று வைத்தால், முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான பரப்பு அந்தச் சருகைத் தானே விளைவித்துக்கொள்ளும். அவ்வளவு இடமில்லாத நகரத்தில் வெளியிலிருந்து வைக்கோலோ தட்டையோ கொண்டுவந்து சேர்க்கலாமா என்று ஆய்வாளர்கள் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

எல்லாச் சருகும் ஒன்றல்ல. தண்ணீரில் விழுந்த சருகு இரண்டு வேகத்தில் கரைகிறது. முதல் சில நாள்களில் சர்க்கரை, மாவு, கரையும் அமிலங்கள் சட்டென்று வெளியேறும். தண்ணீர் தேநீர் நிறமாகும், பாக்டீரியா விருந்து உண்ணும். பிறகு செல்லுலோஸ் மாதக்கணக்கில் மெல்ல உடையும். லிக்னின் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மென்மையான நீர்ச்செடி சீக்கிரம் மக்கிச் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாணல் மெதுவாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் கரைசல் போன்ற காரத்தில் ஊறவைத்தால் இறுகிய தாளும் இளகிக் கார்பனை விடும் என்பதால் அப்படிப் பதப்படுத்திப் போடும் சோதனைகளும் நடக்கின்றன.

இந்த வேக வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் அயோவா மாநிலம் ஓர் எடுத்துக்காட்டு. கிணற்று நீரின் நைட்ரேட்டால் கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரிப்பதை 1945இல் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்ன ஹன்டர் காம்லி அந்த மாநிலத்துக்காரர். மக்காச்சோள வயல்களின் அடியில் புதைத்த வடிகுழாய் வழியாக நைட்ரேட் அங்கே ஆற்றுக்குப் போகிறது. தலைநகர் டெமாயினில் குடிநீரிலிருந்து நைட்ரேட்டைப் பிரிக்கத் தனி ஆலையே வைத்திருக்கிறார்கள். எனவே வடிகுழாய் முடியும் இடத்தில் குழி வெட்டி, மரச்சீவலை நிரப்பி, நீரை அதன் வழியாக ஓடவிடும் முறை பரவியது. மரச்சீவலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஒருமுறை நிரப்பினால் பத்து ஆண்டுகளுக்கு மேல் தாங்கும் என்பதுதான். மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையைப் போட்டால் நைட்ரேட் பல மடங்கு வேகமாகக் குறைவதை நியூசிலாந்தில் நடந்த தொட்டிச் சோதனைகள் காட்டின. ஆனால் கட்டை சீக்கிரம் கரைந்து தீரும், தொடக்கத்தில் கரிமக் கழிவையும் அதிகம் வெளியே விடும். வேகம் வேண்டுமா, ஆயுள் வேண்டுமா என்பதற்கு ஏற்பவே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரைவில் மக்குவதையும் மெல்ல மக்குவதையும் கலந்து போடுவது நடுவழி.

நைட்ரேட்டுக்கு மருந்தாகும் இதே சருகு வேறு கழிவுக்குப் பாரமாகிவிடலாம். வீட்டிலிருந்து நேராக வரும் சாக்கடையில் கரிமப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே ஆக்சிஜன்தான் பற்றாக்குறை. அதில் சருகையும் சேர்த்தால் இருக்கிற ஆக்சிஜனையும் அது தின்றுவிடும். அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது தடைபடும். செடி நட்ட கல் படுக்கையின் இடுக்குகளில் மக்கல் அடைத்துக்கொண்டு நீர் மேலே வழியும். ஆகவே சாக்கடை முதலில் சேரும் படுக்கையில் சருகை ஒதுக்கி வைப்பதே சரி. அம்மோனியா நைட்ரேட்டாக மாறி முடிந்த பிறகு வரும் படுக்கையில்தான் அதற்கு வேலை. அதற்கும் முன், நைட்ரேட் ஆன நீரில் ஒரு பகுதியைத் திருப்பி ஆரம்பத் தொட்டிக்கே அனுப்பிப் பார்க்கலாம். சாக்கடையிலேயே இருக்கும் கார்பன் பாக்டீரியாவுக்குப் பயன்படும், வெளியிலிருந்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பாஸ்பரஸ் கதை வேறு. அதற்கு வாயுவாகப் பறந்துபோகும் வழி கிடையாது. செடி உறிஞ்சிய பாஸ்பரஸ், செடி மடிந்ததும் பெரும்பகுதி சில வாரங்களில் நீருக்கே திரும்பிவிடும். மக்காத மிச்சத்தில் இருப்பது மட்டும் அடியில் மண்ணாகப் படிந்து புதைகிறது. ஃபுளோரிடாவில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற 1994 முதல் இந்தப் புதைத்தலையே நம்பியிருக்கிறார்கள். கரும்பு வயல்களிலிருந்து வடியும் உரநீர் எவர்கிளேட்ஸுக்குள் நுழையுமுன், ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட செயற்கை ஈரநிலங்கள் வழியாகப் போகிறது. சதுப்பு நிலத்தில் பாஸ்பரஸ் 100 கோடியில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்ட வரம்பு. சம்பும் நீருக்கடியில் வளரும் செடிகளும் மடிந்து மடிந்து புது மண்ணாகி அந்தப் பாஸ்பரஸைப் பிடித்து வைக்கின்றன. வறட்சியில் ஈரநிலம் காய்ந்தால் அந்த மண் காற்றில் மக்கிவிடும், மறுபடி நீர் வந்ததும் சேர்த்து வைத்த பாஸ்பரஸ் கரைந்து வெளியேறும். அதனால் வறண்ட மாதங்களிலும் அங்கே தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். கோடையில் வற்றிவிடும் சிறு படுக்கையில் பாஸ்பரஸைக் குறைக்க வேண்டுமென்றால், செடி பச்சையாக இருக்கும்போதே அறுத்து வெளியேற்றுவதுதான் வழி. நைட்ரேட்டுக்குச் சருகை விட்டுவைக்க வேண்டும், பாஸ்பரஸுக்கு அறுத்தெடுக்க வேண்டும். எது முக்கியம் என்பதை அந்த நீர் போய்ச் சேரும் ஏரியையோ கிணற்றையோ பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

உலோகங்களுக்கும் சருகு உதவும், ஆனால் அழிக்காது, பிடித்து வைக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இரும்பு கலந்த அமில நீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. காளான் வளர்த்த பிறகு மிஞ்சும் மக்குரத்தைத் தரையில் பரப்பி அதன் வழியாக அந்த நீரை விடுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாத அந்த அடுக்கில் ஒரு வகை பாக்டீரியா சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். துத்தநாகம், தாமிரம் போன்றவை சல்பைடோடு சேர்ந்து கரையாத துகளாகப் படியும். நச்சுத்தன்மை மிகுந்த ஆறிணைதிறன் குரோமியம் கரிமப் பொருளைத் தொடும்போது தீங்கு குறைந்த மூவிணைதிறன் வடிவுக்கு மாறும். இது தோல் பதனிடும் ஊர்களுக்குப் பொருத்தமான செய்திதான். ஆனால் குரோமியம் அந்தச் சருகிலேயே தங்கியிருக்கும். வேலை முடிந்ததும் அதை எடுத்துத் தோட்டத்துக்கு உரமாகப் போடுவது நஞ்சை இடம் மாற்றுவதாகும். சாய ஆலை நீரில் கரைந்திருக்கும் உப்பையோ சருகு தொடக்கூட முடியாது. சாயக் கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றின் துயரத்துக்குச் செயற்கை ஈரநிலம் தீர்வு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பக்க விளைவுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கார்பன் பற்றாமல் போனால் நைட்ரேட் பாதி வழியில் நின்று நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பமேற்றும். கார்பன் மிகுந்துபோனால் மீத்தேனும் அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் வரும். முதல் சில வாரங்களில் சருகே பாஸ்பரஸையும் பழுப்பு நிறத்தையும் நீரில் சேர்க்கும். சருகு மூடித் தேங்கிய நீரில் கொசுப் புழு ஒளிந்து வளரும். இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. புதுச் சருகைத் தனித் தொட்டியில் சில நாள் ஊறவைத்து, முதல் சாற்றைச் சாக்கடைத் தொட்டிக்கே திருப்பலாம். அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். சருகை மேலே மிதக்கவிடாமல் கூடையிலோ கல்லுக்கு அடியிலோ அமிழ்த்தி வைக்கலாம். கடைசியில் காற்றும் வெயிலும் படும் திறந்த வாய்க்காலில் நீரை ஓடவிட்டால் நிறமும் வாடையும் குறையும். வழி இருக்கிறது என்பதற்காக யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது.

இதையெல்லாம் நம் ஊரோடு சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை, நைட்ரேட் மிகுந்த மாநிலங்களில் ராஜஸ்தான், கர்நாடகத்தோடு தமிழ்நாட்டையும் சேர்த்துச் சொன்னது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பது இந்தியத் தர வரம்பு. நைட்ரஜனாக மட்டும் கணக்கிடும்போது அதே அளவு சுமார் 10 மில்லிகிராம் ஆகிறது. ஆய்வக அறிக்கை இரண்டில் எந்தக் கணக்கைச் சொல்கிறது என்று பார்க்காமல் முடிவெடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் பிழை வரும். வெப்பம் நமக்குச் சாதகம். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் சுணங்கும் பாக்டீரியா இங்கே ஆண்டு முழுவதும் வேலை செய்யும். அதே வெப்பம் சருகையும் வேகமாகத் தின்றுவிடும் என்பதால் அடிக்கடி நிரப்பவேண்டி வரும்.

பொருளுக்கும் இங்கே பஞ்சமில்லை, தேர்வில்தான் கவனம் வேண்டும். வைக்கோலில் கார்பன் அதிகம், நைட்ரஜன் குறைவு, எனவே பொருத்தமானது. ஆனால் மாட்டுத் தீவனத்தோடு போட்டியிடும், விலையும் ஏறும். மக்காச்சோளக் கட்டையும் கரும்புச் சக்கையும் கிடைக்கிற ஊரில் அவற்றைச் சோதிக்கலாம். தென்னை நார்க் கழிவில் லிக்னின் மிகுதி, ஆகவே மெதுவாகத்தான் உணவு கொடுக்கும். பாக்டீரியா ஒட்டி வளரும் தளமாக அது நன்றாகப் பயன்படலாம். ஏரியிலிருந்து அள்ளும் ஆகாயத்தாமரையைச் சும்மா கிடைக்கிறதே என்று போட்டுவிடக்கூடாது. சீக்கிரம் அழுகித் தன்னிடமுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அது நீரிலேயே விட்டுவிடும். சாக்கடை கலந்த ஏரியில் வளர்ந்ததென்றால் உலோகங்களையும் கொண்டுவரும். அதை மக்கவைத்து, சோதித்துப் பார்த்து, மண்ணுக்குக் கொடுப்பதே நல்லது.

ஆகவே ஒரு குடியிருப்பு நலச் சங்கமோ ஊராட்சியோ சருகைக் கொட்டவோ வாரவோ முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். வருகிற நீரில் இருப்பது அம்மோனியாவா, நைட்ரேட்டா, பாஸ்பரஸா, உலோகமா? உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் மாதம் ஒருமுறையாவது சோதிக்க ஏற்பாடு இருக்கிறதா? சருகை நிரப்பவும் மக்கியதை எடுத்து அப்புறப்படுத்தவும் பொறுப்பான ஆளும் ஆண்டுக்கான பணமும் இருக்கிறதா? முதல் கேள்விக்கு நைட்ரேட் என்றும் மற்ற இரண்டுக்கும் ஆம் என்றும் பதில் வந்தால், சருகைப்போல் மலிவான, உள்ளூரிலேயே கிடைக்கிற உதவி வேறில்லை. பதில் தெரியாத இடத்தில் ஒரு கூடைச் சருகும் போடவேண்டாம், இருப்பதை அவசரப்பட்டு வாரவும் வேண்டாம். முதலில் நீரைச் சோதியுங்கள்.